வாசலில் கழற்றி வைத்த ஷூ

நியூ ஜெர்சியில், எடிசனில் நாங்கள் குடியிருந்த அபார்ட்மென்ட்டின் சமையலறைச் சுவரில் ஒரு பழைய காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. வருஷம் முடிந்து அதன் தேதிகள் எதற்கும் உதவாமல் போன பிறகும் நான் அதைக் கழற்றவில்லை. காரணம், ஆகஸ்ட் மாதத்துப் படம். ரோம் நகரத்துத் தெரு ஒன்று. காவி நிறச் சுவர்கள், கறுப்புக் கல் பாவிய வீதி, ஜன்னலில் காயும் துணி. கல்யாணமாகி நான் ஈரோட்டிலிருந்து வந்து இறங்கிய புதிதில் என் கணவர் அதைக் காட்டி, "கிரீன் கார்டு வரட்டும் புள்ள, உன்னை இங்க கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தார்.

கிரீன் கார்டு வரட்டும். அந்தத் தொண்ணூறுகளில் எங்கள் ஆட்கள் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். சோபா வாங்க வேண்டுமா, கிரீன் கார்டு வரட்டும். வீடு, குழந்தை, ஊருக்கு ஒரு நடை போய்வருவது, எல்லாவற்றுக்கும் அதே பதில். விசாவில் இருக்கிறவன் வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயம். என் தம்பி கல்யாணத்தை நான் வீடியோ கேசட்டில்தான் பார்த்தேன், சோபா இல்லாத ஹாலில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு வழியாக ஒரு வசந்த காலத்தில் கார்டு தபாலில் வந்து சேர்ந்தது. என் கணவர் அதைச் சாமி படத்தின் முன் வைத்து விழுந்து கும்பிட்டார். அவர் சாஃப்ட்வேர் எழுதுகிறவர். பக்கத்து பிளாக்கில் இருக்கும் லாண்டிரிக்குக்கூட காரில் போகிற ஆள். அந்த மனுஷர்தான் மறுவாரமே டிராவல் ஏஜென்டைப் பிடித்து, சென்னைக்குப் போகும் வழியில் ரோமில் காலையில் இறங்கி இரவில் ஏறுகிற மாதிரி டிக்கெட் போட்டார். நடந்து பார்க்க வேண்டிய ஊர் என்று லைப்ரரி புத்தகத்தில் படித்துவிட்டு, இரண்டு பேருக்கும் மாலில் புது ஷூவும் வாங்கிவந்தார்.

இறங்கியது ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெட்டிகள் நேராகச் சென்னைக்குப் போய்விடும் என்பதால் தோளில் ஒரு பை மட்டும். ரயிலில் ஊருக்குள் வந்து வெளியே காலை வைத்ததுமே எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. எடிசனில் முப்பது வருஷத்துக் கட்டிடத்தைப் பழசு என்று சொல்லி வாடகையைக் குறைத்துக் கேட்போம். இங்கே தெரு நடுவில் ஆயிரம் ஆயிரம் வருஷத்துத் தூண் அது பாட்டுக்கு நிற்கிறது, அதன் நிழலில் ஒருத்தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு சிகரெட் பிடிக்கிறான். இடிந்து கிடக்கிற கல்லைப் பார்க்க, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக்கு முதல் நாள் இருக்கிற கூட்டம். காலண்டரில் பார்த்த அதே காவிச் சுவர், அதே கறுப்புக் கல். எனக்கு அழுகை வந்தது. அவர் பார்த்துவிட்டு, "இதுக்கேவா?" என்று கிண்டல் செய்தார்.

உச்சி வேளைக்குச் சற்று முன்னால் ஒரு சர்ச்சுக்குள் போனோம். பெரிய பெயர் பெற்ற சர்ச் ஒன்றும் இல்லை. தெருவோடு தெருவாக, இரண்டு வீடுகளுக்கு நடுவில் இருந்தது. வாசலுக்கு வந்ததும் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து ஷூவைக் கழற்றினோம். சாக்ஸைச் சுருட்டி உள்ளே செருகி, கதவோரம் ஜோடியாக வைத்தோம்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும், தெரியும். ஆனால் எங்களுக்கு அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. அவர் படித்தது கோயம்புத்தூரில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில். அங்கே சர்ச் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். வேளாங்கண்ணிக்கு நானும் போயிருக்கிறேன், அங்கேயும் வெறுங்காலோடுதான். சாமி யாருடையதாக இருந்தால் என்ன, செருப்பு வெளியேதான். அமெரிக்காவில் அத்தனை வருஷம் இருந்தும் ஒரு சர்ச்சுக்குள்ளும் நாங்கள் போனதில்லை, ஆகவே எங்களைத் திருத்தவும் யாரும் இல்லை.

உள்ளே சலவைக்கல் தரை ஜில்லென்று இருந்தது. அங்கங்கே முழங்காலிட்டிருந்தவர்கள் எல்லோரும் ஷூ போட்டிருந்தார்கள். அதைக் கவனித்ததும் எனக்கு லேசாக உறுத்தியது. வயதான ஒரு அம்மாள் எங்கள் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் என்று நினைத்தாளோ என்னவோ, என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரலை முத்தமிட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமையாகப் போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றேன்.

வெளியே வந்தால் ஷூ இல்லை. என் ஷூவும் இல்லை, அவர் ஷூவும் இல்லை. கதவோரம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாராவது எடுத்துப்போனார்களா, கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று தெரு கூட்டுகிறவர் அள்ளிப்போனாரா, இன்றுவரை தெரியாது. கேட்கலாம் என்றால், உள்ளே இருந்தவர்கள் வெளியேறியதும் ஒருவர் வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். மத்தியானம் சாத்தினால் இனிச் சாயங்காலம்தான் திறப்பார்களாம்.

சரி, ஒரு செருப்பு வாங்கிக்கொள்வோம் என்று நடந்தால், ஒரு கடை திறந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, போதாததற்கு ஆகஸ்ட். ஊர்க்காரர்கள் எல்லோரும் கடலோரத்துக்குக் குளிக்கப் போய்விடுகிற மாதமாம். தெரு நெடுக ஷட்டர். ஐஸ்கிரீம் விற்கிறான், தொப்பி விற்கிறான், காலுக்கு மட்டும் எதுவும் இல்லை. ஒரு டாக்ஸியைப் பிடித்து ஏர்போர்ட்டுக்கே போய்விடலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் கடை திறந்திருக்கும், மேப்பில் பார்த்தால் பக்கம்தான், வழியில் இன்னும் இரண்டு இடம் பார்த்துவிடலாம் என்றார். இத்தனை வருஷம் காரிலேயே உட்கார்ந்திருந்தது போதாதா என்று வேறு கேட்டார்.

நேரம் போகப் போக அந்தக் கறுப்புக் கல் தோசைக்கல்லாகிவிட்டது. நான் நிழலுக்கு நிழல் தாவினேன். ஒரு சுவரோரம் ஒண்டி நின்று, காலை மாற்றி மாற்றித் தூக்கி, அடுத்த நிழல் வரை ஓடுவேன். துப்பட்டாவை இரண்டாகக் கிழித்துப் பாதத்தில் சுற்றிக்கொண்டேன், அதற்கும் சூடு ஏறியது. அவரோ நடு வீதியில், உச்சி வெயிலில், மேப்பை விரித்துப் பிடித்தபடி ஆற அமர நடந்தார். நின்று அண்ணாந்து ஒரு மாடத்தைப் பார்த்தார். ஒரு சிலையைப் பற்றிப் புத்தகத்தில் இருந்ததை எனக்கு வாசித்துக்கூடக் காட்டினார், நின்ற இடம் வெயில்.

"சுடலைங்களா உங்களுக்கு?" என்று சுவரோரத்திலிருந்து கத்தினேன்.

"நம்மூர்ல குண்டம் இறங்கற பரம்பரைம்மா நாங்க" என்று சிரித்தார்.

எங்கள் பக்கம் அம்மன் கோயில்களில் நெருப்பு வளர்த்துப் பூ மிதிப்பதைத்தான் குண்டம் இறங்குவது என்பார்கள். அவருடைய சித்தப்பா வருஷா வருஷம் இறங்குவார். நானும் நம்பினேன். நம்பியது மட்டுமா, மனசுக்குள் ஒரு பெருமிதம். சும்மா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆள் என்று நினைத்தோமே, என்ன உரம் பார் என்று. பக்கத்தில் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் அவர் காலைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டது. பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஊரில் தெருவுக்குத் தெரு ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்கும், மூடாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டே. அப்படி ஒன்று, அகலமான சலவைக்கல் படிகளின் அடியில் இருந்தது. மரத்தின் நிழல் வேறு. கண்டதும் ஓடிப்போய்க் காலை நீட்டினேன். உயிர் வந்தது. அவரையும் கூப்பிட்டேன். அவரும் வந்து, எனக்காகத்தான் என்கிற மாதிரி காலை நனைத்துக்கொண்டு, மேலே போய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பார்த்து வருகிறேன் என்று படியேறினார்.

நான் கீழே உட்கார்ந்து படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சற்று முன் காலை வைத்த இடத்தில் ஈரச் சுவடு இருந்தது, வெயிலில் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போயிற்று. அவருடைய வலது கால் சுவடும் காய்ந்தது. இடது கால் சுவடு காயவில்லை. அது ஒவ்வொரு படியிலும் ஒன்றாக மேலே போயிருந்தது. குனிந்து விரலால் தொட்டேன். விரலில் சிவப்பாக ஒட்டியது.

"என்னங்க, நில்லுங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் படியேறிப் போய் அவரை உட்காரச் சொன்னேன். என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். லாடம் கட்ட மாட்டுக் காலைத் தூக்குவதைப் போல அவர் இடது காலைத் தூக்கித் திருப்பினேன்.

உள்ளங்கால் முழுக்க, காய்ச்சிய பாலில் ஏடு எழும்பியது போல் தோல் எழும்பி, குதிகால் பக்கம் கிழிந்து தொங்கியது. கட்டை விரலுக்குக் கீழே ஒரு பாட்டில் துண்டு, பச்சைக் கண்ணாடி, பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. எந்தத் தெருவில் ஏறியதோ. அதன் மேல்தான் இவர் இவ்வளவு தூரம் மிதித்து மிதித்து நடந்திருக்கிறார். வலது காலைத் தூக்கினேன். அதில் கண்ணாடி இல்லை, கொப்புளம் மட்டும்.

அவரும் குனிந்து பார்த்தார். யாரோ ஒருவருடைய காலைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

"வலிக்கலையா?"

"இல்லையே" என்றார். அந்தப் பதிலில் கிண்டல் இல்லை.

கண்ணாடிக்குப் பக்கத்தில் நகத்தால் அழுத்தினேன். முகம் மாறவில்லை. சுண்டுவிரலைப் பிடித்துத் திருகினேன், நன்றாகவே திருகினேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொளுத்துகிற வெயிலில் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப்போயிற்று. படியைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்துவிட்டேன்.

தெரு முனையில் ஒரு பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தது. மருந்துக் கடை. அந்த ஊரிலேயே அன்று திறந்திருந்த கடை அது ஒன்றுதான் என்று தோன்றியது. என் காலுக்குச் சுற்றிய துப்பட்டாத் துண்டுகளை அவர் காலில் சுற்றி, தோளில் தாங்கி அழைத்துப்போனேன். அவருக்குத் தாங்கல் தேவைப்படவில்லை, சாதாரணமாகத்தான் நடந்தார். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் இருந்தாள், என் வயதுதான் இருக்கும். காலைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். காயத்தைத் தொடவில்லை. முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் ஒரு சின்ன மெஷினை எடுத்து அவர் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். காலில் அடிபட்டவனுக்குக் கையில் எதற்குக் குத்துகிறாள் என்று எனக்கு எரிச்சல். மெஷினில் வந்த எண்ணைப் பார்த்து அவள் புருவம் ஏறியது. தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "ஹவ் லாங்?" என்று கேட்டாள்.

காயத்தைத்தான் கேட்கிறாள் என்று நான் முந்திக்கொண்டேன். "டுடே, டுடே" என்றேன். ஷூ காணாமல் போன கதையைக் கையால் விளக்க ஆரம்பித்தேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டூ இயர்ஸ்."

நான் அவரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பாமலே, கேட்டது அவள்தானே என்கிற மாதிரி அவளிடமே மறுபடி சொன்னார். "டயபெடிஸ். டூ இயர்ஸ். நோ மெடிசின்."

இடி விழுந்தாற்போல் என்று கதைகளில் படித்திருக்கிறேன். அது சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்தக் கடையில் ஃபேன் சுற்றுகிற சத்தம்கூட எனக்குக் கேட்காமல் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் சோறு போடுகிறவளிடமே மறைத்திருக்கிறார். இரண்டு வருஷமாக நான் பால் பாயசம் வைத்துக் கொடுத்திருக்கிறேன். உடம்பு இளைத்ததைப் பார்த்து, இப்போதுதான் அழகாக இருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கிங் லாட்டில் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் அவர் கார் வரை நடந்துபோனதை நண்பர்கள் வீட்டில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் போனோம். கண்ணாடியை எடுத்தார்கள், தோலை வெட்டிச் சுத்தம் செய்தார்கள். அதற்கும் அவருக்கு வலி இல்லை, மயக்க ஊசிகூட வேண்டாம் என்று டாக்டர் தலையை ஆட்டினார். எங்கள் விமானம் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. அங்கே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் மீதியைக் கேட்டேன். எடிசன் பக்கத்துக் கோயிலில் ஒரு சனிக்கிழமை நடந்த மெடிக்கல் கேம்ப்பில் ஒரு டாக்டர் அங்கிள் இவருக்குச் சுகர் பார்த்திருக்கிறார். திங்கட்கிழமையே டாக்டரிடம் போ என்று கண்டித்துச் சொல்லியிருக்கிறார். போகாததற்குக் காரணம், ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடுகிற பாட்லக் ஒன்றில், யாரோ ஒருவர் வீட்டில், யாரோ சொன்ன பேச்சு. கிரீன் கார்டு மெடிக்கலில் சுகர் என்று தெரிந்தால் ரிஜெக்ட் பண்ணிவிடுவார்களாம், டெக்ஸாஸில் ஒருவனுக்கு அப்படி ஆயிற்றாம். அந்த டெக்ஸாஸ்காரனை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் நம்பினோம். நானும் அந்த பாட்லக்கில் இருந்தேன், பாவம் என்று உச்சுக் கொட்டினேன்.

"அந்த மெடிக்கல்ல சுகரைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையேங்க. நானும் கூடத்தானே இருந்தேன்."

"கேக்கல. ஆனா கார்டு கைக்கு வர்ற வரைக்கும் எப்படி நம்பறது? டாக்டர்கிட்ட போனா ரெக்கார்டு ஆயிடும்."

"கார்டு வந்த அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே."

அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ மணி அடித்தது. "காலு கொஞ்சம் கொஞ்சமா மரத்துக்கிட்டே வந்தது புள்ள. சொல்லியிருந்தா நீ ரோமை கேன்சல் பண்ணியிருப்பே. உனக்கு ஆறு வருஷமா சொன்னது. ஒரு நாள் நடந்துட்டு, ஊருக்குப் போயிட்டு வந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

கேன்சல் பண்ணியிருப்பேன்தான். அந்த நிமிஷமே பண்ணியிருப்பேன். அவரை அப்படியே அறைய வேண்டும் போல் இருந்தது, கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போல் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. யாரைக் கேட்டு எனக்காக இதைச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குப் போகவில்லை. எடிசனுக்கே திரும்பினோம். வந்ததும் நான் முதலில் செய்த காரியம் அந்தக் காலண்டரைச் சுவரிலிருந்து பிடுங்கியது. இலையுதிர் காலத்தில் இடது காலில் கட்டை விரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர். மீதிக் காலைக் காப்பாற்ற வேண்டுமானால் இனி ஆயுசுக்கும் வெறுங்காலோடு ஒரு அடி வைக்கக்கூடாது, வீட்டுக்குள், பாத்ரூமில், எங்கேயும். தனியாக அளவெடுத்துச் செய்த ஒரு ஷூவைக் கொடுத்தார்கள். தூங்கும்போது மட்டும் அதைக் கழற்றுவார்.

கோயிலில் குருக்களிடம் நான் போய் விஷயத்தைச் சொன்னேன். உடம்புக்கு ஆகாது என்றால் சுவாமி கோபித்துக்கொள்ளமாட்டார், ஷூவோடு வரச் சொல்லுங்கோ என்றார். நல்ல மனுஷர். இவர்தான் கேட்கவில்லை. யார் வீட்டுச் சர்ச்சிலேயோ தயங்காமல் ஷூவைக் கழற்றியவர், தன் சாமி முன்னால் ஷூவோடு போய் நிற்பாரா?

ஆகவே வெள்ளிக்கிழமைகளில் அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, செருப்பு அலமாரி பக்கத்தில் நின்றுவிடுவார். குளிர் காலத்தில்கூட அங்கேதான். "நீ போயிட்டு வா, செருப்பை நான் பார்த்துக்கறேன்" என்பார். உள்ளே தீபாராதனை நடக்கும்போது திரும்பிப் பார்ப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்து நின்றுகொண்டிருப்பார். அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் கோபமாக வரும். விபூதியை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன். என் செருப்பை அலமாரியிலிருந்து எடுத்து, நான் காலை நுழைக்க வாகாக ஜோடியாகத் திருப்பி வைத்திருப்பார். நான் அவர் நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, முதலில் அவர் ஷூவின் லேஸ் இறுக்கமாக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். கழன்றிருந்தால் அவருக்குத் தெரியாது.